மதாமுக்கு ஒரு முட்டையில்லாத கேக்

கதவை உடைக்காத குறையாக உள்ளே நுழைந்த வதனிக்கும் அவளுடைய ஆட்களுக்கும் சுடச்சுடக் கோப்பி காத்திருந்தது.

நோர்வல் முதலீட்டகத்தின் கூட்ட அறை. நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். வந்தவர்களின் தலைக்குச் சரியாகக் கோப்பைகள். நடுவில் ஒரு தட்டு நிறைய மஃபின். வெளியே மொன்றியல் நகரம் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"போன்ஜூர்! உட்காருங்கள், ஆறிவிடப் போகிறது," என்று இரண்டு கைகளையும் விரித்தார் முதலாளி பெல்சில்.

"திடீர் சோதனை மேடம் இது," என்று வதனியின் காதோரம் முணுமுணுத்தான் சரத். "இவங்க பந்தியே போட்டுட்டாங்க. மொய் எழுதணுமா?"

"வாயை மூடும், சரத்."

வதனி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் அவள் இல்லை. முதலீட்டு முகவர்களைக் கண்காணிக்கும் லோரியே வாரியத்தில் அவள் மூத்த ஆய்வாளர். இந்த வருஷம் முழுக்க அவள் கையில் இருந்த ஒரே வழக்கு நோர்வல்தான். ஓய்வுபெற்ற கிழவர்களுக்கு ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள் என்று புகார். முதல் சோதனையில் நூல் கொஞ்சம் அகப்பட்டது. அதற்குப் பிறகு எப்போது போனாலும் அலுமாரிகள் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. யாரோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

சோதனை நாள் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். இயக்குநர், வதனி, ஜினெத். சரத்துக்கே காரில் ஏறிய பிறகுதான் சொல்லுவாள். கசிவைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை இயக்குநர் வதனியிடம் கொடுத்தபோது, அவள் மூன்றிலிருந்து முதலில் தன்னைக் கழித்தாள். பிறகு இயக்குநரைக் கழித்தாள். மிச்சம் ஜினெத்.

எழுபதுகளில் தட்டெழுத்துப் பெண்ணாகச் சேர்ந்தவள் ஜினெத். பெண்களுக்கு ஆய்வாளர் பதவியே கிடையாது என்றிருந்த காலம் அது. மாலை வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, ஆண்கள் மட்டும் உட்கார்ந்த வரிசையில் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டவள். பிரிவின் தலைமைப் பதவி காலியானபோது வரலாற்றில் முதல் தடவையாக இரண்டு பெண்களின் பெயர் மட்டும் இயக்குநரின் மேசைக்குப் போயிற்று. ஒன்று ஜினெத். மற்றது வதனி.

போன மாதம் வதனியின் அறிக்கையின் பேரில் ஜினெத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஜினெத் இல்லை. ஆனால் கோப்பி இருக்கிறது.

"நீங்கள் எதுவும் எடுக்கவில்லையே," என்றார் பெல்சில். மேசையின் ஓரத்தில் தனியாக இருந்த சின்னத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இது மதாமுக்கு."

கடதாசிக் கிண்ணத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேக். சரத் குனிந்து மோந்து பார்த்தான்.

"ஏலக்காய்!" என்றான். பிறகு தட்டின் விளிம்பில் குத்தியிருந்த காகிதத் துண்டைத் திருப்பினான். பிரெஞ்சில் 'முட்டை இல்லை' என்று எழுதியிருந்தது. "மேடம், இன்னிக்கு என்ன கிழமை?"

வெள்ளிக்கிழமை. வதனி வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடமாட்டாள்.

அவள் தட்டைப் பெல்சில் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

*

"ஜினெத் உங்களுக்கு வெள்ளிக்கிழமை என்ன கொண்டுவருவாங்க?" மதியம் வெறுங்கையோடு திரும்பும்போது, காரைக் கிளப்பிக்கொண்டே கேட்டான் சரத். அவன் சென்னைப் பையன். கணினியைக் குடைவதற்காக வாரியம் எடுத்திருந்தது. கணினியைவிட வாய்தான் அதிகம் வேலை செய்தது.

"கீஷ்."

"அதுல?"

"முட்டை."

"அதை யார் சாப்பிடுவா?"

"நீர்தான்."

"ஆக, உங்க விரதம் அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருஷமா என்னைத்தான் வளர்த்திருக்காங்க." அவன் சிக்னலில் நின்றான். "அப்போ தகவல் சொன்னது ஜினெத் இல்ல. மிச்சம் ரெண்டு பேரு. டைரக்டருக்கு ஏலக்காய்னா என்னன்னே தெரியாது. அப்புறம் நீங்க. நீங்கதான் குத்தவாளின்னா இப்பவே சொல்லிடுங்க மேடம், பெட்ரோலாவது மிச்சம்."

வதனி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஜினெத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்த காட்சி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஜினெத் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வதனி தொலைபேசியில் பேசுவதுபோல் பாவனை செய்தாள். மறுமுனையில் யாரும் இல்லை.

"அந்த இணக்க அதிகாரி," என்றாள் வதனி. நிறுவனம் சட்டப்படி நடக்கிறதா என்று உள்ளேயிருந்தே கவனிக்க வேண்டிய ஆள் அது. "ஏ. ரங்கராஜன். எப்ப போனாலும் அந்தாள் இல்லை."

"கதவுல பேரு இருக்கு, நாற்காலில ஆள் இல்ல. செகரட்டரி கிட்டக் கேட்டேன். 'ரங்கராஜனா? மலாத்'னு ஒரே வார்த்தை. உடம்பு சரியில்லையாம். மனுஷனுக்கு நாம வர்ற அன்னிக்கு மட்டும் காய்ச்சல் வருது."

"தமிழ்ப் பெயர். ஏலக்காய்க் கேக்கும் அங்கயிருந்துதான் வந்திருக்கும். அதை விக்கிற கடை எது?"

"முட்டையில்லாம கேக் பண்றது பார்க் எக்ஸ் ஏரியால ஒரே இடம்தான். சாட்சி வேணும்னா என் தொப்பையைக் கேளுங்க."

*

யோகராணியின் கடை, புடவைக் கடைக்கும் பயண முகவர் நிலையத்துக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பற்றிஸ், மஞ்சள் கேக். சரத் நேரே கேக்கைக் காட்டினான்.

"ஓம், என்ர கைவேலைதான்," என்று நிமிர்ந்தாள் யோகராணி. "ஏன் தம்பி, பழுதோ?"

"பழுதில்லை அக்கா," என்றாள் வதனி. "நேற்று ஆரும் இதை ஓடர் பண்ணினவையோ? நகரத்துக்க இருக்கிற ஒரு கந்தோருக்கு, ஒஃபிசுக்கு?"

"பண்ணினவ. பின்னேரம் போன் எடுத்து, மஃபின் வேற இடத்தில வாங்குறாவாம், ஒரே ஒண்டு மட்டும் முட்டை போடாமல் தனியாக் கட்டித் தாங்கோ எண்டா. 'விரதக்காரி ஒருத்தி வருவா, பாவம், பசியோட நிப்பா' எண்டு சொன்னவ. பேந்து வந்து தானே எடுத்துக்கொண்டு போனவ."

"எடுத்தவவா?" சரத்தின் புருவம் ஏறியது. "ரங்கராஜன் எடுக்கலையா? வந்தது பொம்பளையா?"

"ரங்கராஜனோ? அது ஆர்? இது தீபக்கின்ர அம்மா."

"அவவின்ர பெயர் என்ன?" என்று கேட்டாள் வதனி.

"பேர் ஆருக்குப் பிள்ளை தெரியும்? தீபக்கின்ர அம்மா எண்டுதான் சொல்லுறது. இந்தியாக்காரப் பெட்டை. வில்லரேயில கிளியக்கான்ர கார்டெரியில மகனை விடுறவ." யோகராணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நீங்களும் அங்கதானே விடுறனீங்கள்? ரக்ஷனான்ர அம்மா எல்லோ?"

வதனி கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தீபக்கின் அம்மாவை அவளுக்குத் தெரியும். கார்டெரி என்ற அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரிப்பாள். பனிக்காலத்தில் ஒரு நாள் ரக்ஷனாவின் தொலைந்த கையுறையைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். என்ன வேலை என்று வதனி ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. ரங்கராஜன் என்ற பெயரைக் கதவில் பார்த்ததும் கோட்டுப் போட்ட ஒரு ஆணைத்தான் வதனி மனதில் உட்கார்த்தி வைத்திருந்தாள். பெண்ணாக இருக்கலாம் என்று அவளுக்கு, அவளுக்கே, தோன்றவில்லை.

தெருவுக்கு வந்ததும் சரத் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவனைத் தெரிந்த நாள்முதல் அவள் காணாத காட்சி அது.

"வில்லரேக்கு விடும்," என்றாள்.

*

கிளி அக்கா திருகோணமலைக்காரி. வீட்டின் கீழ்த்தளத்தில் அரை டசின் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவள். கதவைத் திறந்ததும் பிரெஞ்சுப் பாட்டொன்று கீழேயிருந்து கூச்சலாக ஏறி வந்தது.

"என்ன தங்கச்சி, இண்டைக்குப் பின்னேரமும் வெள்ளன வந்திட்டீர்?"

"அக்கா, ஒண்டு கேக்கவேணும். எங்கட சோதனை நாளுக்கு விடிய முதல் ரக்ஷனாவைக் கொண்டுவாறனே, அதை நீங்க ஆரிட்டயும் சொல்லுறனீங்களா?"

"சோதனையோ? அது எனக்குத் தெரியாது. நீர் முதல் நாள் போன் எடுத்து, 'நாளைக்கு வெள்ளன திறப்பீங்களா அக்கா' எண்டு கேப்பீர். நான் உடன மற்றத் தாய்மாருக்கும் போன் போட்டுச் சொல்லிப்போடுவன். எப்பிடியும் அடுப்பு மூட்டத்தானே போறன். ஒருத்திக்குத் திறக்கிற கதவு நாலு பேருக்கு உதவட்டும் எண்டு." கிளி அக்காவின் சிரிப்பு மெல்ல வற்றியது. "ஏன், பிழையா?"

"இல்லை அக்கா," என்றாள் வதனி. "நீங்க செய்தது பிழையில்லை."

அவ்வளவுதான் கதை. திடீர்ச் சோதனை என்றால் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்க வேண்டும் என்பது வாரியத்தின் வழக்கம். அதை வகுத்த ஆண்கள் காலையில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள். வதனியின் கணவர் சுபாஸ்கரனுக்கு விமான நிலையத்தில் இரவு வேலை. மற்ற நாட்களில் அவர் வந்து மகளைக் கொண்டுபோய் விடுவார். சோதனை நாளில் மட்டும் முடியாது. பிள்ளையை எங்கே விடுவாய் என்று வாரியத்தில் யாரும் வதனியைக் கேட்டதில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று அவளும் வாயைத் திறந்ததில்லை. தனக்குப் பிள்ளை இருப்பதை ஒரு குற்றம்போல மறைத்தாள். அந்த மறைப்பின் ஓட்டை வழியாக எல்லாம் ஒழுகிப் போயிருக்கிறது.

இரும்புப் படிக்கட்டில் காலடி கேட்டது. தீபக்கின் அம்மா ஏறி வந்துகொண்டிருந்தாள். காய்ச்சல்காரியின் முகம் இல்லை. வதனிக்குப் பின்னால் சரத்தின் கழுத்தில் தொங்கிய வாரிய அட்டையைக் கண்டதும் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"ரக்ஷனா அம்மா..."

"உங்கட பெயரைச் சொல்லுங்க."

"அனுப்ரியா." அவள் கைப்பிடியைப் பிடித்தாள். "அனுப்ரியா ரங்கராஜன்."

சரத் கீழே இறங்கிக் காருக்குப் போனான். யாரும் சொல்லாமலே போனான்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டாள் வதனி.

"மொத தடவை நீங்க வந்தப்போ நான் உள் ரூம்ல சாதா குமாஸ்தா. கண்ணாடி வழியாப் பாத்தேன். அட, நம்ம ரக்ஷனா அம்மா! எங்க பாஸ் உங்க முன்னாடி வேர்த்துக்கிட்டு நிக்கறார். எனக்கு அவ்வளவு பெருமையா இருந்தது, சத்தியமா." அவள் ஒரு படி ஏறினாள். "அன்னிக்குக் காலைல கிளி அக்கா சீக்கிரம் திறந்திருந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பவும் 'சீக்கிரம் திறக்கறேன்'னு போன் வந்துச்சு. புரிஞ்சிடுச்சு."

"பெல்சிலிட்டச் சொன்னீங்க."

"சொன்னேன்." கண்ணைத் தாழ்த்தவில்லை. "என் வொர்க் பர்மிட் அவர் கையெழுத்துலதான் ஓடுது. அந்த வாரமே இணக்க அதிகாரின்னு கதவுல பேரு போட்டார். ஊர்ல பேங்க்ல ஆபிசரா இருந்தவ நான். இங்க வந்து ஃபைல் தூக்கினேன். கதவுல பேரைப் பாத்ததும் அழுதுட்டேன். அப்புறம் அவர் கேக்கறதே இல்ல. நான் லீவ் கேட்டாலே அவருக்குப் போதும்."

"ஏன் லீவ்?"

"உங்க முகத்தைப் பாக்க முடியல."

"பிறகு எதுக்கு அந்த கேக்?"

"நக்கலுக்கு டிபன் ஏற்பாடு பண்ணச் சொன்னார். வெள்ளிக்கிழமையாச்சே, கிளி அக்கா குடுக்கற கேக்கைக்கூட முட்டைன்னு தொடமாட்டீங்களேன்னு..." அவள் பாட்டு வந்த பக்கம் பார்த்தாள். "அதை மட்டும் எனக்காகப் பண்ணினேன்."

வதனிக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. எதிரே நிற்பவளைக் குற்றவாளி என்று எழுத ஒரு நிமிஷம் போதும். அப்படித்தான் போன மாதமும் ஒருத்தியை எழுதினாள்.

"உங்களால இல்லை, என்னால ஒரு மனுசி வேலையை விட்டு வீட்டில இருக்கிறா," என்றாள். "நான்தான் அவவைக் குற்றவாளி எண்டு எழுதினனான். அவவிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கேல்ல."

கீழே பிள்ளைகள் பாட்டை முடித்துக் கைதட்டினார்கள்.

"பெட்டிகளெல்லாம் பியர்பொன்ட்ஸ்ல இருக்கு," என்றாள் அனுப்ரியா. "பெல்சிலோட மச்சான் வீட்டு கராஜ். ஒவ்வொரு தடவையும் அங்கதான் போகும். எழுதிக் கொடுக்கறேன். என் பேரைப் போட்டே கொடுக்கறேன்."

"வேலை போகும். பர்மிட்டும்..."

"தெரியும், ரக்ஷனா அம்மா." அவள் படியேறி, மகனை அழைக்க உள்ளே போனாள்.

*

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பெட்டிகள் அகப்பட்டால் நமக்கு வெற்றி," என்றார். "கார்டெரி விஷயத்தை ஏன் எழுத வேண்டும்? ஜினெத் மேல் ஆதாரம் போதவில்லை என்று போட்டுத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். தலைமைப் பதவி உனக்கே வரும். உண்மையை எழுதினாயென்றால், நாளை இந்தக் கட்டடத்தில் ஒரு தாயைச் சோதனைக்கு அனுப்ப யாரும் துணியமாட்டார்கள். அதையும் யோசி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வதனி இரண்டு நாள் அந்த நியாயத்தோடு படுத்தாள், எழுந்தாள். ஆதாரம் போதவில்லை என்றால் என்ன அர்த்தம்? செய்திருக்கலாம், பிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்தக் கறையோடுதான் ஜினெத் தினமும் லிஃப்டில் ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக இல்-பிசார் தீவுக்குக் காரை ஓட்டினாள். ஜினெத் வீட்டு முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வதனி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அழக்கூடாது என்று தீர்மானித்திருந்தாள், அழவில்லை.

ஜினெத் வாரியலைச் சுவரில் சாய்த்தாள்.

"என் குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது, அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குப் பல்வலி என்று சொல்லி வீட்டில் நிற்பேன். வாரியத்தில் என் பல் ரொம்ப மோசம் என்று பேர்." அவள் சிரிக்கவில்லை. "நீ என்னைச் சந்தேகப்பட்டாய். அது உன் தொழில். ஆனால் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வதனி. ஏன் கேட்கவில்லை?"

வதனிக்குப் பதில் தெரியும். அந்த ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்ததே அந்தப் பதில்தான்.

"'நான் இல்லை' என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன்," என்றாள். "இருவரில் ஒருத்திக்குத்தான் நாற்காலி என்றார்கள். குற்றவாளி நீங்களாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது."

ஜினெத் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்ற ஆட்டம் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும்தான்.

திங்கட்கிழமை வதனி முழு உண்மையையும் எழுதிக் கையெழுத்திட்டாள். கூட்டத்தில் எழுந்து நின்று தன் வாயாலும் சொன்னாள். மேசையின் மறுபக்கம் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே என்கிற பார்வை. அதையும் அவள் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள்.

கராஜில் பெட்டிகள் அகப்பட்டன. நோர்வலின் உரிமம் போயிற்று. அனுப்ரியாவின் வேலையும் போயிற்று. அவளுடைய வாக்குமூலத்தால்தான் வழக்கு வென்றது என்று நற்சான்று தரலாம் என வதனி சொல்லியனுப்பினாள். அவள் வாங்க வரவில்லை. தீபக்கும் கிளி அக்கா வீட்டுக்கு அதற்குப் பிறகு வரவில்லை. "அந்தப் பிள்ளை எங்க?" என்று ரக்ஷனா பிரெஞ்சில் கேட்டபோது வதனி தெரியாது என்றாள். தெரியாததும் உண்மைதான்.

தலைமை நாற்காலியில் ஜினெத் உட்கார்ந்தாள். வாரியத்தில் முதல் தடவையாக ஒரு பெண். வதனியை வேறு பிரிவுக்குத் தள்ளுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சரத் மட்டும், "உங்களைத் தள்ளினா என்னையும் தள்ளட்டும் மேடம். எனக்கு எழுத்து வேலை ஆகாது, வாய் வேலைதான்," என்று சுற்றிக்கொண்டிருந்தான்.

தள்ளவில்லை. ஜினெத்தின் முதல் சுற்றறிக்கை அந்த வார முடிவில் வந்தது. இனித் திடீர்ச் சோதனைகள் விடியற்காலையில் தொடங்கா. நகரத்தில் கார்டெரிகள் திறந்து, பிள்ளைகள் உள்ளே போன பிறகே தொடங்கும். நாளின் எந்த நேரத்திலும் நுழையலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, விடியலில் என்று சொல்லவில்லை. சோதனைக்குப் போகிறவர்களின் பட்டியலில் வதனியின் பெயர் முன்போலவே முதலில் இருந்தது.

வதனி நன்றி சொல்ல அந்த அறைக்குப் போனாள். ஜினெத் கோப்பிலிருந்து நிமிரவில்லை.

"உனக்காகச் செய்ததாக நினைக்காதே," என்றாள். "இனி இந்த வேலைக்கு ஒருத்தி வருவாள். பிள்ளையை எங்கே விட்டேன் என்பதை மறைக்கப் போய், அவள் இன்னொருத்தியின் பெயரை எழுதிவிடக்கூடாது. அதற்காக."

வதனி கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு, சரத் காத்திருந்த காருக்கு இறங்கிப் போனாள்.